ஓர் இடம், இரு பந்துவீச்சாளர்கள்: பிரசன்னா – வெங்கட்ராகவன் விவாதத்தின் வரலாறு

ஓர் அணியில் ஒரே ஓர் இடம். அதற்குத் தகுதியானவர் இருவர். இவர்களுள் யார் சிறந்தவர் என்ற கேள்வி விளையாட்டு உலகில் எங்கும் எழுவதுதான். அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக் என்ற ஒற்றை ஆட்டக்காரரைப் பற்றி அந்நாட்டவர் அரை நூற்றாண்டாக இவ்வாறே வாதிட்டு வருகின்றனர். தென்னிந்தியாவில் அதற்கு இணையான விவாதம் ஒன்றைத் தேடினால், அது 1967 முதல் 1978 வரை இந்திய டெஸ்ட் அணியின் ஆஃப் ஸ்பின் இடத்தைச் சுற்றி நிகழ்ந்ததாகவே இருக்கும். ஒருபுறம் பெங்களூரின் எரப்பள்ளி அனந்தராவ் சீனிவாஸ் பிரசன்னா. மறுபுறம் சென்னையின் சீனிவாசராகவன் வெங்கட்ராகவன்.

இவ்விவாதத்தைச் சென்னையிலிருந்து பார்ப்பதும் மைசூரிலிருந்து பார்ப்பதும் எளிது. பெங்களூரின் நீலசந்திராவிலிருந்து பார்ப்பதே கடினம். 1809இல் அமைந்த ஆங்கிலேயரின் படைமுகாமை ஒட்டி வளர்ந்த குடியிருப்புகளில் தமிழ் பேசுவோர் தொகை மிகுதி. அல்சூர், ஆஸ்டின் டவுன், விவேக்நகர், நீலசந்திரா என அவ்வரிசை நீளும். படைமுகாம் பகுதி 1947இல்தான் மைசூர் அரசின் நிர்வாகத்துக்குத் திரும்பியது. அதுவரை ஒரே நகரத்துக்குள் இரு ஆட்சிகள் இருந்தன. இத்தகைய இடத்தில் வாழும் தமிழருக்கு வெங்கட்ராகவன் மொழியால் உறவினர். பிரசன்னா ஊரால் உறவினர். அறுபது, எழுபதுகளின் ஆஃப் ஸ்பின் விவாதத்தில் ‘நம்மவர்’ என்ற சொல்லுக்கு இரு பொருள்கள் சமமான உரிமையுடன் நின்ற இடங்களுள் பெங்களூர்ப் படைமுகாமும் ஒன்று. ஆகவே அங்கிருந்து தொடங்கினால், பற்றை ஓரளவு ஒதுக்கிவைத்துச் சான்றுகளைப் பார்க்க முடியும்.

சென்னைக்கும் மைசூருக்கும் இடையிலான போட்டி இவ்விருவருக்கும் முற்பட்டது. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே சென்னைக்கும் மைசூருக்கும் இடையில்தான் நடந்தது. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் தொடங்கிய அவ்வாட்டம் அன்றே முடிந்தது. மைசூர் 48, 59, சென்னை 130. ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஒரு தேசியப் போட்டியின் தொடக்க நாளே மைசூருக்கு இவ்வாறு அமைந்தது. அதன் பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அக்கோப்பை மைசூருக்குக் கிட்டவில்லை.

பிரசன்னா 1940 மே 22 அன்று பெங்களூரில் பிறந்தவர். 1962 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிரான சென்னை டெஸ்டில் அறிமுகமானார். உடனடியாக மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்று வந்தார். அத்துடன் நின்றுவிட்டார். மைசூரில் பொறியியல் படிப்பை முடிப்பதற்காக விலகியவர் மீண்டும் டெஸ்ட் களத்தில் இறங்கியது 1967 ஜனவரியில். சுழற்பந்துவீச்சாளர் ஒருவர் தம் கலையைத் தேற்றிக்கொள்ளும் இருபத்திரண்டாம் வயது முதல் இருபத்தாறாம் வயது வரையான காலம் முழுவதும் டெஸ்ட் ஏட்டில் வெற்றிடம். அன்றைய கிரிக்கெட் வீரருக்கு ஆட்டம் சோறு போடாது. பட்டமும் வேலையும்தான் போடும். அம்முடிவை இன்றைய ஒப்பந்தத் தொகைகளைக் கொண்டு அளக்கக் கூடாது.

அவ்வெற்றிடத்தில்தான் வெங்கட்ராகவன் நுழைந்தார். 1945 ஏப்ரல் 21 அன்று சென்னையில் பிறந்த அவரும் பொறியியல் மாணவரே; கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்றவர். 1965இல் நியூசிலாந்துக்கு எதிராகச் சென்னையில் அறிமுகமானபோது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. அதே தொடரின் தில்லி டெஸ்டில் 72 ஓட்டங்களுக்கு 8, 80 ஓட்டங்களுக்கு 4 என 12 விக்கெட்டுகள் எடுத்தார். நான்கு டெஸ்டுகளில் மொத்தம் 21. எனவே பிரசன்னா 1967இல் திரும்பி வந்தபோது அவ்விடம் காலியாக இல்லை. பிரசன்னாவின் இடத்தை வெங்கட் பறித்தார் என்று பெங்களூரிலும், வெங்கட்டின் இடத்தைப் பிரசன்னா பறித்தார் என்று சென்னையிலும் சொல்ல இடமுண்டு. காலவரிசை இரண்டுக்கும் இடம் தருகிறது.

இருவரும் ஒரே வகைப் பந்துவீச்சாளர்கள் என்பது பெயரளவில்தான் உண்மை. பிரசன்னா உயரம் குறைந்தவர். பந்தைக் காற்றில் ஏந்தி விடுபவர். அவருடைய பந்து மட்டையாளரின் கண்மட்டத்துக்கு மேலெழும். முன்வந்து அடிக்கலாம் என்ற நம்பிக்கையை ஊட்டும். பின்னர் எதிர்பார்த்த இடத்துக்குச் சற்று முன்னதாகவே இறங்கிவிடும். மட்டையாளர் காலை நீட்டிய பிறகுதான் தாம் எட்ட முடியாத பந்தை எட்டப் போனதை உணர்வார். சுழற்சி இதற்குப் பிந்திய செய்தி. ஏமாற்று வேலை ஆடுகளத்தைத் தொடுமுன்பே முடிந்துவிடும். ஆஸ்திரேலியாவின் இயன் சாப்பல் தாம் எதிர்கொண்ட சுழற்பந்துவீச்சாளர்களுள் பிரசன்னாவையே முதன்மையானவராகப் பல முறை குறிப்பிட்டிருப்பதன் காரணம் இதுவே.

வெங்கட் நெடியவர். அவர் பந்து தட்டையாகவும் விரைவாகவும் வரும். ஆடுகளம் சற்றே உதவினால் போதும், அவர் உயரத்தின் காரணமாகப் பந்து எழும்பும். அருகில் நிற்கும் களத்தடுப்பாளர் கைக்குச் செல்லும். உதவாத ஆடுகளத்தில் அவர் ஓட்டங்களைக் கட்டிப்போடுவார். ஆனால் மட்டையாளரைத் தவறு செய்யத் தூண்டும் வேலையைப் பிரசன்னாவைப் போல் செய்யமாட்டார். இதைக் குறையாகச் சொல்வது பழக்கம். அது குறையா, பணியின் இயல்பா என்பதைப் பின்னர் காணலாம்.

நால்வர் கூட்டணி என்று இன்று போற்றப்படும் பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் ஆகியோர் ஒரே டெஸ்டில் சேர்ந்து ஆடியது ஒருமுறைதான். 1967 ஜூலையில் எட்ஜ்பாஸ்டனில். அவ்வாட்டத்தில் இந்தியா 132 ஓட்டங்கள் வித்தியாசத்தில் தோற்றது. நினைவில் நால்வராக நிலைத்தவர்கள் களத்தில் பெரும்பாலும் மூவராகவே இருந்தனர். அந்த மூவரில் ஆஃப் ஸ்பின்னர் யார் என்பதே பிரச்சினை. மரபுக்கதைக்கும் ஆவணத்துக்கும் இடையிலான இவ்விடைவெளியை விளையாட்டு வரலாறு படிப்போர் கவனிப்பது நல்லது.

பட்டோடி தலைமையில் இருந்த காலத்தில் விடை தெளிவாக இருந்தது. 1967–68இல் ஆஸ்திரேலியாவில் நான்கு டெஸ்டுகளில் 25 விக்கெட்டுகள், நியூசிலாந்தில் நான்கு டெஸ்டுகளில் 24 விக்கெட்டுகள் எனப் பிரசன்னா 49 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். டனீடினில் இரண்டாம் இன்னிங்ஸில் அவர் எடுத்த 6 விக்கெட்டுகள் இந்தியாவின் முதல் வெளிநாட்டு டெஸ்ட் வெற்றிக்கு வழிவகுத்தன. தொடரையும் இந்தியா 3–1 என வென்றது. சுழற்பந்துவீச்சாளருக்கு உகந்தவை அல்ல என்று கருதப்பட்ட இரு நாடுகளில் இது நிகழ்ந்தது. 1969இல் தில்லியில் ஆஸ்திரேலியாவின் இரண்டாம் இன்னிங்ஸ் 107 ஓட்டங்களில் முடிந்தபோது பிரசன்னா 5, பேடி 5 எனப் பகிர்ந்துகொண்டனர். பிரசன்னா தம் நூறாவது விக்கெட்டை இருபதாவது டெஸ்டிலேயே எட்டினார். இந்தியர் எவரும் அதைவிட விரைவாக எட்டுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

ஆனால் அதே 1969இல்தான் பொதுமக்கள் குரல் தேர்வுக்குழுவின் முடிவை மாற்றிய நிகழ்ச்சியும் நடந்தது. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான பம்பாய் டெஸ்டில் வெங்கட்டுக்கு இடமில்லை என்று அறிந்தவுடன் பத்திரிகைகளிலும் வெளியிலும் எதிர்ப்பு எழுந்தது. வங்காளத்தின் வேகப்பந்துவீச்சாளர் சுப்ரதா குஹாவுக்குப் பதிலாக வெங்கட் சேர்க்கப்பட்டார். இந்த ஆட்டத்தில்தான் அவருக்கு விக்கெட் காப்பாளரிடம் பிடிபட்டதாக ஆட்டமிழப்பு தரப்பட்டது. அதைத் தவறான தீர்ப்பு என்று வானொலி வர்ணனையாளர் கூற, பிரபோர்ன் அரங்கில் தீவைப்பும் கலவரமும் மூண்டன. தவறான தீர்ப்புக்கு ஆளான அம்மனிதர் பிற்காலத்தில் 73 டெஸ்டுகளில் நடுவராக நின்றார் என்பதை வரலாறு எப்படியோ சேர்த்து வைத்திருக்கிறது.

1971இல் நிலைமை தலைகீழாயிற்று. தேர்வுக்குழுத் தலைவர் விஜய் மெர்ச்சண்டின் தீர்மான வாக்கால் பட்டோடி நீக்கப்பட்டு அஜித் வாடேகர் தலைவரானார். வெங்கட்ராகவன் துணைத்தலைவரானார். இம்முடிவின் பின்விளைவைப் பலர் போதுமான அளவு கவனித்ததில்லை. துணைத்தலைவரை ஆடும் பதினொருவரிலிருந்து நீக்குவது எளிதன்று. ஆகவே ஆஃப் ஸ்பின்னர் யார் என்ற ஆட்டக் கேள்வி, துணைத்தலைவர் யார் என்ற நிர்வாகக் கேள்விக்குள்ளேயே விடை பெற்றுவிட்டது. யார் சிறந்தவர் என்று எவரும் தனியே தீர்ப்பளிக்க வேண்டிய தேவை எழவில்லை.

அம்முடிவு தோற்றிருந்தால் விவாதம் அன்றே முடிந்திருக்கும். அது வென்றது. மேற்கிந்தியத் தீவுகளில் வெங்கட் ஐந்து டெஸ்டுகளில் 22 விக்கெட்டுகள் எடுத்தார். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இந்தியா முதன்முறையாக மேற்கிந்தியத் தீவுகளை வென்றபோது இரண்டாம் இன்னிங்ஸில் 95 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் அவருடையவை. அதே ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில் 54 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகள் எடுத்தவர் பிரசன்னா என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காயத்தால் அவர் அத்தொடரில் மூன்று டெஸ்டுகளே ஆடி 11 விக்கெட்டுகள் பெற்றார். அடுத்து இங்கிலாந்து. மூன்று டெஸ்டுகளிலும் வெங்கட், 13 விக்கெட்டுகள். பிரசன்னாவுக்கு ஒரு டெஸ்டுகூட இல்லை. ஓவலில் சந்திரசேகரின் 6 விக்கெட்டுகளால் இந்தியா தொடரை வென்றது. அவ்வாட்டத்தில் ஆலன் நாட்டை சோல்கர் தரையோடு தரையாகப் பாய்ந்து பிடித்த காட்சி இந்தியர் நினைவில் இன்றும் நிற்கிறது. அப்பந்தை வீசியவர் வெங்கட்.

முப்பத்தோரு வயதில், தம் ஆற்றலின் உச்சத்தில் இருந்த ஒரு பந்துவீச்சாளர் இந்தியக் கிரிக்கெட்டின் மாபெரும் கோடையை ஆட்டத்தைப் பார்த்தே கழித்தார். பிரசன்னா தரப்பினரின் ஆறாத குறை இதுவே. அதற்குப் பதிலாகச் சொல்லப்படுவது ஒன்றே: இந்தியா வென்றது. ஆனால் வெற்றி ஒரு தேர்வை நியாயப்படுத்துமா? வெங்கட் இல்லாமல் இந்தியா தோற்றிருக்கும் என்பதை 1971இன் ஆட்டக்குறிப்பிலிருந்து எவராலும் மெய்ப்பிக்க முடியாது. டாம் பிரேடி ஏழு சூப்பர் பௌல் வெற்றிகளைப் பெற்றவர் என்றும், ஜோ மொன்டானா நான்கு இறுதி ஆட்டங்களில் ஒன்றையும் தோற்காதவர் என்றும் அமெரிக்கர் வாதிடும்போதும், ஒரு வெற்றியும் இல்லாத டேன் மரினோவை எந்தத் தட்டில் வைப்பது என்று தடுமாறும்போதும் எதிர்கொள்வது இதே முறையியல் சிக்கல்தான். பதினொருவர் சேர்ந்து பெற்றதை ஒருவர் பெயரில் எழுதுவது.

வாடேகரின் தேர்வுக்கு ஆட்டத்துக்குள்ளேயே ஒரு காரணம் உண்டு. சந்திரசேகர் ஆட்டத்தை ஒரே மணி நேரத்தில் வெல்லக்கூடியவர். அதே மணி நேரத்தில் ஓட்டங்களை வாரி வழங்கவும் கூடியவர். அத்தகையவர் ஒரு முனையில் வீசும்போது மறுமுனையில் கட்டுப்பாடு வேண்டும் என்று தலைவர் கருதுவது இயல்பு. மேலும் அன்றைய இந்திய அணியின் அடிப்படை வலிமை மட்டையாளரைச் சூழ்ந்து நின்ற களத்தடுப்பு. சோல்கர், அபித் அலி, வாடேகர், வெங்கட்ராகவன் ஆகியோர் அவ்வளையத்தின் தூண்கள். வெங்கட் 57 டெஸ்டுகளில் 44 பிடிகள் எடுத்தவர். பிரசன்னா 49 டெஸ்டுகளில் 18. அப்பிடிகளில் பல பேடியின் கணக்கிலும் சந்திரசேகரின் கணக்கிலும் விக்கெட்டுகளாகப் பதிவாகியிருக்கும். அவற்றுக்காக வெங்கட்டின் பந்துவீச்சுச் சராசரி ஒரு புள்ளிகூட மேம்படாது.

வழக்கமாகச் சொல்லப்படும் மற்றொரு காரணம் வெங்கட்டின் மட்டைவீச்சு. இது ஏட்டில் நிற்கவில்லை. டெஸ்டில் வெங்கட் 748 ஓட்டங்கள், சராசரி 11.68. பிரசன்னா 735 ஓட்டங்கள், சராசரி 11.48. வெங்கட்டுக்கு இரண்டு அரைச்சதங்கள் உண்டு. பிரசன்னாவின் உச்சம் 37. இவ்வளவே வேறுபாடு. ஒருவரை நீக்குவதற்கான காரணமாகப் பல ஆண்டுகள் பேசப்பட்ட ஒன்று, கடைசியில் சராசரிக் கணக்கில் 0.20 ஓட்டமாகச் சுருங்குகிறது.

பந்துவீச்சின் கணக்கு வேறு கதை சொல்கிறது. பிரசன்னா 189 விக்கெட்டுகள், சராசரி 30.38, வெங்கட் 156 விக்கெட்டுகள், சராசரி 36.11. ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டுகளைப் பிரசன்னா பத்து முறை எடுத்தார். வெங்கட் மூன்று முறை. ஒரு விக்கெட்டுக்குப் பிரசன்னாவுக்குத் தேவைப்பட்ட பந்துகள் ஏறத்தாழ 76, வெங்கட்டுக்கு 95. ஓர் ஓவருக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்களில் மட்டும் வெங்கட் முந்துகிறார்: 2.27க்கு எதிராக 2.40. இந்த எண்களோடு பெங்களூர்த் தரப்பு வழக்கை முடித்துவிட விரும்பும்.

ஆனால் இரண்டு செய்திகள் எஞ்சுகின்றன. முதலாவது, முதல்தர ஆட்டங்களின் கணக்கு. வெங்கட் 1390 விக்கெட்டுகள், சராசரி 24.14. பிரசன்னா 957 விக்கெட்டுகள், சராசரி 23.45. உள்ளூர் ஆட்டங்களிலும் இங்கிலாந்துக் கவுண்டியிலும் தம் விருப்பப்படி வீசிய வெங்கட் பிரசன்னாவுக்குச் சற்றும் பின்தங்கியவரல்லர். டெஸ்டில் மட்டும் இடைவெளி விரிகிறது. எதிரணி மட்டையாளரின் தரம் அதற்கு ஒரு காரணம். மிதவைப் பந்து தேர்ந்த மட்டையாளரையும் ஏமாற்றும், தட்டைப் பந்து அவ்வளவு ஏமாற்றாது. பணிப்பங்கீடு மற்றொரு காரணம். விக்கெட் எடு என்று பந்தைப் பெறுபவருக்கும், ஓட்டம் கொடுக்காதே என்று பந்தைப் பெறுபவருக்கும் ஒரே அளவுகோலை வைப்பது சரியன்று. ஆயினும் இவ்விளக்கத்தை மிகையாக நீட்டக் கூடாது. கட்டுப்பாட்டில் வெங்கட்டுக்கு இருந்த மேன்மை ஓவருக்கு 0.13 ஓட்டம்தான், அதற்குக் கொடுத்த விலை விக்கெட்டுக்குப் பத்தொன்பது பந்துகள்.

இரண்டாவது செய்தி இதைவிட வியப்பானது. டெஸ்ட் வாழ்க்கை முழுவதிலும் பிரசன்னா வீசிய பந்துகள் 14,353. வெங்கட் வீசியவை 14,877. வேறுபாடு 524 பந்துகள். தொண்ணூறு ஓவர்கூட இல்லை. தம் நாயகன் வஞ்சிக்கப்பட்டான் என்று இரு ஊர்களும் வாதிட்ட காலத்தின் முடிவில், நாடு இருவர் கையிலும் ஏறத்தாழ ஒரே அளவு பந்தைக் கொடுத்திருக்கிறது. வஞ்சனை இருந்தது என்றால் அது அளவில் இல்லை, காலத்தில் இருந்தது. பிரசன்னா தம் உச்சத்தில் 1971ஐ இழந்தார். வெங்கட் தம் இருபதுகளின் தொடக்கத்தில் 1967 முதல் 1970 வரையான காலத்தின் பெரும்பகுதியை இழந்தார். அவர் நீண்ட காலம் ஆடியது 1978க்குப் பிறகே, அதாவது போட்டியாளர் விலகிய பின்னரே.

தேர்வு முறையின் அமைப்பையும் இங்கே நோக்க வேண்டும். தேசியத் தேர்வுக்குழு மண்டலவாரியாக அமைந்திருந்தது. சென்னை, மைசூர், ஐதராபாத், ஆந்திரம், கேரளம் ஆகியவை ஒரே தென்மண்டலம். பம்பாய்க்கும் தில்லிக்கும் இடையில் ஒரு போட்டி எழுந்தால் இரு மண்டலப் பிரதிநிதிகள் அதை எதிரெதிரே நின்று வாதாடலாம். பிரசன்னா, வெங்கட் இருவரும் ஒரே மண்டலத்தவர். எனவே இப்போட்டி தெற்குக்கும் பிற பகுதிகளுக்கும் இடையிலானதாக என்றும் ஆகவில்லை. தெற்கைத்தான் இரண்டாகப் பிளந்தது.

அப்பிளவு கூர்மையடைந்த காலமும் தற்செயலானதன்று. 1973 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று பெயர் மாறியது. அப்பெயரில் களமிறங்கிய முதல் பருவத்திலேயே கர்நாடக அணி ரஞ்சிக் கோப்பையை வென்றது. தலைவர் பிரசன்னா. 1974 மார்ச்சில் பெங்களூரில் நடந்த அரையிறுதியில், தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் கோப்பையைத் தன்னிடமே வைத்திருந்த பம்பாயை அவ்வணி வெளியேற்றியது. காவஸ்கரின் தடுப்பைத் தாண்டிப் பிரசன்னாவின் பந்து ஸ்டம்பைத் தாக்கிய தருணத்தைக் கர்நாடக ரசிகர்கள் ஒரு வரலாற்றுத் தொடக்கமாகவே கருதுகின்றனர். ஓராண்டுக்கு முன்பு அதே பம்பாயை இறுதியாட்டத்தில் சேப்பாக்கத்தில் எதிர்கொண்ட தமிழ்நாட்டு அணிக்குத் தலைவர் வெங்கட்ராகவன். சிவல்கரின் சுழலில் தமிழ்நாடு 80, 61 எனச் சுருண்டு, மூன்றாம் நாளின் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்தது. ஒருவர் தோற்ற இடத்தில் மற்றவர் வென்றார் என்பது ஒப்பீட்டைத் தவிர்க்க முடியாததாக்கியது. காவிரி தொடர்பான 1924ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்ததும் அதே 1974இல்தான். பெங்களூர்த் தமிழருக்கு ‘எந்தப் பக்கம்’ என்ற கேள்வி அந்த ஆண்டில் கிரிக்கெட்டோடு நின்றுவிடவில்லை.

1974–75 தொடர் இவ்விவாதத்தின் உச்சம். நவம்பரில் பெங்களூர் தன் முதல் டெஸ்டை நடத்தியது. பேடி ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டிருந்தார், பிரசன்னா, வெங்கட் இருவரும் ஆடினர், இந்தியா தோற்றது. தலைவர் பட்டோடி காயமடைந்தார், காவஸ்கரும் காயமடைந்தார். எனவே தில்லி டெஸ்டுக்கு வெங்கட்ராகவன் இந்தியாவின் தலைவரானார். அந்த ஆட்டத்திலும் இந்தியா இன்னிங்ஸ் தோல்வி அடைந்தது. அடுத்த கல்கத்தா டெஸ்டுக்குப் பட்டோடி திரும்பியதும் வெங்கட் ஆடும் பதினொருவரிலேயே இல்லை. ஒரு டெஸ்டில் நாட்டின் தலைவர், அடுத்த டெஸ்டில் வெளியே. 1971இல் பதவி அவருக்கு இடத்தைத் தந்தது. 1974இல் பதவியால் அவர் இடத்தைக் காக்க முடியவில்லை. பிரசன்னாவுக்கு இழைக்கப்பட்டதாகக் கூறப்படும் அநீதியைப் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் உண்டு. இந்த அவமதிப்பைப் பற்றி அத்தனை பக்கங்கள் இல்லை.

அதன் பிறகு சேப்பாக்கம். 1975 ஜனவரியில் விசுவநாத்தின் ஆட்டமிழக்காத 97 ஓட்டங்களால் புகழ்பெற்ற டெஸ்ட் அது. அந்த 97க்குக் கிடைத்த புகழில், பிரசன்னா 70 ஓட்டங்களுக்கு 5, 41 ஓட்டங்களுக்கு 4 என 9 விக்கெட்டுகள் எடுத்து மேற்கிந்தியத் தீவுகளை 192, 154 எனச் சுருட்டியது சற்றே மறைந்துவிட்டது. இந்தியா 100 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றது.

இதைத் தனி நிகழ்வாகப் பார்க்கக் கூடாது. 1962இல் பிரசன்னா அறிமுகமானது சென்னையில், அன்றைய மாநகராட்சி அரங்கில். 1967இல் ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் திரும்பியதும் சென்னையில். டெஸ்ட் ஆட்டம் மாநகராட்சி அரங்கிலிருந்து சேப்பாக்கத்துக்குத் திரும்பிய அதே ஆட்டத்தில். 1969 டிசம்பரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அங்கே 100 ஓட்டங்களுக்கு 4, 74 ஓட்டங்களுக்கு 6. ஒரு கட்டத்தில் ஆஸ்திரேலியா 24 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை இழந்து நின்றது. 1973 ஜனவரியில் இங்கிலாந்தின் இரண்டாம் இன்னிங்ஸில் 16 ஓட்டங்களுக்கு 4. பிறகு 1975. பிரசன்னா ஆடிய காலம் முழுவதும் பெங்களூரில் நடந்த டெஸ்டுகள் இரண்டே. ஆகவே டெஸ்ட் ஏட்டின்படி அவருக்குச் சொந்தக் களம் என்று ஒன்று இருந்தால் அது சென்னைதான். வெங்கட்டின் ஊரில், வெங்கட்டுக்காகக் குரல் கொடுத்த மக்களின் முன்னிலையில், அவர் தம் வாதத்தைத் தொடர்ந்து முன்வைத்தார். அன்று சேப்பாக்கத்தின் சுழற்பந்து ரசனையைப் பற்றிப் பெருமை பேசியவர்கள் அந்த ரசனைக்குக் கிடைத்த சிறந்த உணவு பெங்களூரிலிருந்து வந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியவர்களே.

1976 ஜனவரியில் ஆக்லாந்தில் பிரசன்னா 76 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள் எடுத்தார். அவருடைய ஆகச்சிறந்த பந்துவீச்சு அது. 1978 பாகிஸ்தான் சுற்றுப்பயணத்தில் அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. ஜாகிர் அப்பாஸும் மியான்தாதும் இந்தியச் சுழலை நொறுக்கிய தொடர் அது. ஒருநாள் சர்வதேச ஆட்டம் ஒன்றிலும் அவர் ஆடியதில்லை. வெங்கட் 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கினார். ஆனால் 15 ஒருநாள் ஆட்டங்களில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 5 மட்டுமே. ஓட்டங்களைக் கட்டிப்போடுபவர் என்று பெயர் பெற்றவருக்கு அதற்கென்றே அமைந்த ஆட்டவடிவம் கைகொடுக்காதது விந்தை. 1979இல் இங்கிலாந்திலிருந்து திரும்பும் விமானத்திலேயே, அவரை நீக்கிக் காவஸ்கரைத் தலைவராக்கிய செய்தி விமானியின் அறிவிப்பாக ஒலித்தது. அதன் பின்னரும் 1983 வரை அவர் டெஸ்ட் ஆடினார்.

எவரைச் சிறந்தவர் என்பது? பந்துவீச்சு என்ற ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்டால், பிரசன்னா. ஐந்து விக்கெட் கணக்கும், விக்கெட்டுக்கான பந்துகளும், வெளிநாட்டு வெற்றிகளும், எதிரணி மட்டையாளரின் சாட்சியமும் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஓர் அணியின் பதினொருவரில் ஒருவராகக் கேட்டால் விடை அவ்வளவு விரைவாக வராது. 1971இன் அணிக்கு, சந்திரசேகரின் மறுமுனையில், நெருங்கிய களத்தடுப்பு வளையத்தில், வெங்கட்டைத் தேர்ந்தது பிழை என்று நிறுவச் சான்று போதாது. பட்டோடி விக்கெட் தேடிய தலைவர். அவர் கையில் வெற்றி பெறாத அணி இருந்தது. வாடேகர் ஓட்டங்களைக் காத்த தலைவர். அவருக்குக் காவஸ்கரும் சர்தேசாயும் ஓட்டங்களைச் சேர்த்துத் தந்தனர். இருவரும் தத்தம் அணிக்கு வேண்டிய ஆஃப் ஸ்பின்னரைத் தேர்ந்தனர்.

பிரசன்னா 1985இல் ஆஸ்திரேலியாவில் உலகச் சாம்பியன் போட்டியை வென்ற இந்திய அணிக்கு மேலாளராகச் சென்றார். வெங்கட்ராகவன் 2002இல் அமைக்கப்பட்ட சர்வதேச நடுவர் குழுவில் இடம்பெற்றார். இருபது டெஸ்டுகளில் நூறு விக்கெட்டுகள் என்ற பிரசன்னாவின் இந்தியச் சாதனையை 2013 நவம்பரில், கொல்கத்தாவில், தம் பதினெட்டாவது டெஸ்டில் முறியடித்தவர் ரவிச்சந்திரன் அஸ்வின். சென்னைக்காரர், ஆஃப் ஸ்பின்னர், அவரும் பொறியியல் பட்டதாரிதான். பந்தைக் காற்றில் மிதக்கவிடுவதில் அவருடைய பந்துவீச்சு பெரும்பாலும் பெங்களூர் வழியையே சேர்ந்தது.